புகையைக் கைவிடாத வீடு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் உணவகம். ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், பாம்பெர்க் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே தாம் விற்கும் பீரைத் தாமே காய்ச்சி, அதற்குப் பொருத்தமான சாப்பாட்டையும் தாமே சமைத்து, ஒரே மேசையில் பரிமாறுகிற பழைய வீடுகள் உண்டு. அவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்றின் பெயர் ஷ்லெங்கர்லா. மற்றொன்றின் பெயர் ஸ்பெட்சியால்.

பொருளைக் கேட்டதும் அவையில் சிலருக்கு மனம் சுருங்கியிருக்கும். அது நியாயம்தான். குடியால் சிதைந்த குடும்பம் ஒன்றையாவது அறியாதவர் நம்மில் யார்? அந்த வலியை லேசாக எண்ணுகிறவன் அல்லன் நான். யாரையும் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஒரு சுவை எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். ஐரோப்பாவில் பெரும்பாலும் செத்துப்போன ஒரு சுவை, இந்த ஓர் ஊரில், இந்த இரண்டு வீடுகளில், அறுபடாமல் பிழைத்துக் கிடக்கிறது. ஏன் இங்கே? அதுதான் இன்றைய கேள்வி.

முதலில் ஊரைப் பாருங்கள். சுமார் 80,000 பேர் வாழும் ஊர் அது. நடுவில் ரெக்னிட்ஸ் ஆறு. ஆற்றின் நடுவே, பாலத்தின் மேல், பழைய நகர மன்றக் கட்டடம். மேட்டில் நான்கு கோபுரங்களோடு பேராலயம். 1993-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு சிறிய ஊரில் இன்றைக்கும் சுமார் பத்துப் பீர் ஆலைகள் இயங்குகின்றன. சுற்றியுள்ள ஃபிராங்கோனியா வட்டாரமே அப்படித்தான். அங்கே அவுஃப்செஸ் என்று ஒரு கிராமம். 1,500-க்கும் குறைவானவர்கள் வாழும் அந்தக் கிராமத்தில் நான்கு ஆலைகள்! தலைக்கு இத்தனை ஆலை என்ற கணக்கில் கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்த கிராமம் அது.

பேராலய மேட்டின் அடிவாரத்தில் டொமினிக்கானர் தெரு. அதில் 6-ஆம் எண் வீடுதான் ஷ்லெங்கர்லா. மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கட்டிய பழைய வீடு. 1405-ஆம் ஆண்டிலேயே ஏட்டில் பெயர் பதிந்த வீடு. ஆலைக்கு முறையான பெயர் ஹெல்லர் என்பது. ஆனால் பழைய உரிமையாளர் ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்துவிட்டது. இப்போது நடத்துகிறவர்கள் அதே குடும்பத்தின் ஆறாம் தலைமுறை.

கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு நடை. நடையின் ஓரத்தில் ஒரு சாளரம். உட்கார நேரமில்லாத ஊர்க்காரர்கள் அந்தச் சாளரத்திலேயே கண்ணாடிக் குவளையை வாங்கி, நின்றபடியோ தெருவில் இறங்கியோ குடித்துவிட்டுப் போகிறார்கள். சாளரத்துக்கு உட்புறம் ஒரு மரப் பீப்பாய் கிடக்கிறது. இரும்புத் தொட்டி அல்ல, ஓக் மரப் பீப்பாய். கண்ணெதிரே ஒருவர் பித்தளைக் குழாயை அதன் வாயில் வைத்து, மரச் சுத்தியலால் ஓங்கி அடித்து உள்ளே இறக்குகிறார். மேல்பக்கம் காற்றுப் போக ஒரு துளை. அவ்வளவுதான் இயந்திரம்! அழுத்தம் கொடுத்து மேலேற்றுகிற வாயு இல்லை, மின்சாரம் இல்லை. பீர் தன் எடையாலேயே குவளையில் இறங்குகிறது. பீப்பாய் வற்ற வற்ற அதைச் சாய்க்கிறார்கள். வற்றியதும் அடுத்ததை உருட்டி வருகிறார்கள்.

வலப்பக்கமும் இடப்பக்கமும் அறைகள். ஒன்று, கருத்துப்போன உத்தரங்கள் தாழ்ந்து தொங்கும் பழைய அறை. இன்னொன்று, ஒரு காலத்தில் டொமினிக்கன் துறவிகளின் மடத்தைச் சேர்ந்திருந்த வளைவுக்கூரை மண்டபம். நான் போயிருந்தபோது பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை. பேச்சொலி மட்டும்தான். தனி மேசை கேட்டால் கிடைக்காது. இடம் இருக்கிற பெஞ்சில் போய் உட்கார வேண்டும். எனக்கு எதிரே ஒரு பாட்டியும் அவர் பேரனும். பேரனுக்கு ஆப்பிள் சாறு, பாட்டிக்கு அரை லிட்டர் பீர். பக்கத்தில் வேலை முடித்து வந்த இரண்டு பேர் செய்தித்தாளை ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

குவளை வந்தது. கரும்பழுப்பு நிறம், மேலே பாலாடை நிறத்தில் நுரை. மூக்கருகே கொண்டுபோனேன். புகை! விறகுப் புகை! வாயில் வைத்தால் புகைபோட்டு உலர்த்திய இறைச்சியின் மணம். இது என்ன பீரா, அடுப்படியா என்று திகைக்காதவர் இருக்க முடியாது. எதிரே இருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவசரப்படாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

பொறுத்தேன். கால் குவளை இறங்குவதற்குள் என்ன நடந்தது? புகை பின்வாங்கியது. அதன் பின்னாலிருந்து தானியத்தின் இனிப்பு எழுந்தது. அதற்கும் பின்னால் மெல்லிய கசப்பு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஓயாமல் வரும் ஒரு மணத்துக்கு மூக்கு சீக்கிரமே பழகிவிடும். பழகியதும், அதுவரை அந்த மணத்தின் நிழலில் நின்ற சுவைகள் வெளியே வரும். அதனால்தான் முதல் வாயை வைத்து இந்தப் பீருக்குத் தீர்ப்புச் சொல்லாதே என்று அந்த ஊரில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறார்கள்.

சரி, இந்தப் புகை எங்கிருந்து வருகிறது? யாராவது மேலே தூவுகிறார்களா? எசன்ஸ் கலக்கிறார்களா? இல்லை, இல்லவே இல்லை.

பீர் என்பது என்ன? பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். பாம்பெர்க்கை ஆண்ட ஆயர் 1489-லேயே, மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்று ஆணை போட்டார். உலகம் புகழும் பவேரியச் சட்டம் வந்தது 1516-இல். அதற்கு 27 ஆண்டுகள் முன்னால் இந்த ஊர்ச் சட்டம் வந்துவிட்டது. ஆக, வெளியிலிருந்து புகையைச் சேர்க்க வழியே இல்லை. புகை பார்லிக்குள்ளேயே இருக்கிறது.

பார்லியை அப்படியே காய்ச்சினால் கஞ்சிதான் வரும், பீர் வராது. அதை ஊறவைத்து முளைகட்ட வேண்டும். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளைவிட்டதும் உலர்த்தி அரைப்பார்களே, அதே வேலைதான். முளைக்கும்போது மாவுச்சத்தை இனிப்பாக மாற்றும் நொதிகள் தானியத்துக்குள் பிறக்கின்றன. முளை நீண்டுவிடாமல் சரியான நேரத்தில் ஈரத்தைப் போக்கி நிறுத்த வேண்டும். நாம் வெயிலில் போட்டுவிடுவோம். பாம்பெர்க்கின் குளிரில் வெயிலுக்கு எங்கே போவது? நெருப்புத்தான் வழி.

துளைகள் நிறைந்த தளத்தில் ஈர முளைதானியத்தைப் பரப்பி, கீழே பீச் மரக் கட்டைகளை எரிக்கிறார்கள். சூடும் புகையும் சேர்ந்தே மேலேறி, தானியத்தின் ஊடே புகுந்து வெளியேறுகின்றன. மரம் எரியும்போது அதன் கட்டமைப்புப் பொருள் உடைந்து குவையகோல் போன்ற மணப்பொருள்கள் பிறக்கும். ஈரமாக இருக்கும் தானியத்தோல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அரைத்தாலும் வெந்நீரில் ஊறினாலும் கொதித்தாலும் நொதித்தாலும் அந்த மணம் போவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலான பீர் ஆலைகள் மால்ட்டைத் தாங்கள் தயாரிப்பதில்லை, மூட்டையாக வாங்கிக்கொள்கின்றன. ஷ்லெங்கர்லாவும் ஸ்பெட்சியாலும் இன்றைக்கும் தங்கள் சொந்த நெருப்பில் தாங்களே மால்ட் போடுகின்றன. நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கட்டையை வாங்கி அடுக்கி உலரவிட வேண்டும். செலவு அதிகம், வேலையும் அதிகம். ஆனாலும் விடவில்லை.

மற்றவர்கள் ஏன் விட்டார்கள்? வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலான பீருக்குப் புகை வாசனை இருந்தது. எல்லாரும் விறகிலும் வைக்கோலிலும்தானே உலர்த்தினார்கள்! புகை ஒரு சிறப்பு என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. பீர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு இங்கிலாந்தில் 1635-இல் நிக்கலஸ் ஹால்ஸ் என்பவர், புகை படாமல் மால்ட் உலர்த்தும் சூளைக்குக் காப்புரிமை பெற்றார். புகையை விட்டார்கள். அதே நூற்றாண்டில் டார்பிஷயர் பகுதியில் கற்கரியை எரித்து மால்ட் உலர்த்தத் தொடங்கினார்கள். கற்கரியில் புகை இல்லை, தானியமும் வெளிறிய நிறமாக வந்தது. புகையை விட்டார்கள். 1842 அக்டோபர் 5-ஆம் நாள், பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசெஃப் குரோல் என்ற பவேரியர், ஆங்கிலேய முறையில் சூடான காற்றில் உலர்த்திய வெளிர் மால்ட்டைக் கொண்டு பொன்னிறப் பீர் ஒன்றைக் காய்ச்சினார். கண்ணாடிக் குவளையில் அந்தப் பொன்னிறத்தைப் பார்த்த ஐரோப்பா மயங்கிப்போனது. அங்கேயும் புகையை விட்டார்கள். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ரயிலும் வந்தது. ஓர் ஊரில் காய்ச்சி ஒன்பது ஊரில் விற்கலாம் என்றாயிற்று. ஒன்பது ஊருக்கும் பொதுவாகப் பிடிக்கிற சுவை எது? எவருக்கும் முதல் வாயிலேயே உறுத்தாத சுவை. புகை உறுத்தும். ஆகவே புகை குறையாயிற்று, குற்றமாயிற்று, பழைய சூளையின் அழுக்கு என்றாயிற்று.

அந்த ஆலைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. தெளிந்த, புகையற்ற பீரும் அருமையான பொருள்தான். ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, ஒரு சுவை பூமியிலிருந்து ஏறத்தாழ துடைத்தெடுக்கப்பட்டது. பாம்பெர்க்கில் இந்த இரண்டு வீடுகள் மட்டும் நெருப்பை அணைக்காமல் வைத்திருந்தன.

ஏன்? பிடிவாதமா? வறுமையா? நான் நெடுநாள் யோசித்து வந்து சேர்ந்த முடிவு இது: அவர்கள் பீரைக் காய்ச்சிய இடத்திலேயே சாப்பாட்டு மேசையும் இருந்தது. அதுதான் காரணம்.

எண்ணிப் பாருங்கள். நூறு கல் தொலைவில் இருக்கிற முகந்தெரியாத ஆளுக்கு விற்கிற ஆலைக்காரருக்கு, அந்த ஆளின் முதல் வாய்தான் எல்லாம். அது பிடிக்கவில்லையென்றால் அடுத்த புட்டிக்குப் போய்விடுவான். ஆனால் தன் வீட்டுப் பெஞ்சில், தன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லலாம். எனக்குப் பாட்டி சொன்னாரே, அந்த வார்த்தையைப் புட்டியின் மேல் ஒட்டிய காகிதம் சொல்லுமா? தாத்தா மகனுக்குச் சொன்னார், மகன் பேரனுக்குச் சொன்னார், பேரன் வெளியூர்க்காரனுக்குச் சொன்னான். இப்படிச் சொல்வதற்கு ஒரு மேசை வேண்டும். மேசை இருந்த இடத்தில் சுவை பிழைத்தது.

மேசை போன இடத்தில் என்ன ஆயிற்று? இங்கிலாந்தைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான விடுதிகள் தங்கள் கொல்லைப்புறத்திலேயே பீர் காய்ச்சின. பெரிய ஆலைகள் விடுதிகளை ஒவ்வொன்றாக வாங்கின, கொல்லைப்புறக் கொப்பரைகள் குளிர்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் மிஞ்சியவை எத்தனை தெரியுமா? நான்கு! கார்ன்வால் பகுதியில் ஹெல்ஸ்டன் ஊரின் புளூ ஆங்கர் அவற்றில் ஒன்று. நிலைமை அந்த அளவுக்குப் போன பிறகுதான் 1971-இல் பீர் குடிப்பவர்களே கூடி, பழைய முறைப் பீரைக் காக்க கேம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

பாம்பெர்க்குக்குக் கிழக்கே, மேல் பலட்டினேட் வட்டாரத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ட்சொய்கல் என்று சொல்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கூடம். உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து அங்கே காய்ச்சி, சாற்றை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் நிலவறையில் நொதிக்கவிடுகின்றன. பீர் தயாரானதும் வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். நட்சத்திரம் தெரிந்தால் யாரும் உள்ளே வரலாம். வீட்டுக்கூடமே உணவகம். வீட்டுக்காரம்மா வெட்டித் தரும் ரொட்டியும் தொத்திறைச்சியும்தான் சாப்பாடு. அடுத்த வாரம் நட்சத்திரம் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். இப்படியொரு ஏற்பாட்டை எந்தத் தொழிற்சாலையால் செய்ய முடியும்?

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். காய்ச்சிய இடத்தில் சாப்பிடுவது என்றேன் அல்லவா? சாப்பாட்டை விட்டுவிட்டுப் பீரை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

பாம்பெர்க்குக்கு மூன்று பகுதிகள் உண்டு. மேட்டு நகரம், தீவு நகரம், தோட்டக்காரர் நகரம். மூன்றாவதில், நடு ஊரிலேயே காய்கறித் தோட்டங்கள்! யுனெஸ்கோ பட்டியலில் அந்தத் தோட்டங்களும் சேர்ந்தவைதான். அங்கே விளைகிற பெருமைக்குரிய பொருள் வெங்காயம். நீண்டு, பேரிக்காய் வடிவில் இருக்கும். ஒரு காலத்தில் தோட்டக்காரர்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, வெங்காயத் தாளை மிதித்துச் சாய்த்துக்கொண்டே நடப்பார்கள். தாள் சாய்ந்தால் செடியின் சத்தெல்லாம் கிழங்கில் இறங்கும் என்பது கணக்கு. பாம்பெர்க்காரர்களுக்கு மற்ற ஊரார் வைத்த பட்டப்பெயரே 'வெங்காயம் மிதிப்பவர்கள்' என்பதுதான்.

அந்த வெங்காயத்துக்கும் இந்தப் பீருக்கும் ஷ்லெங்கர்லாவின் சமையலறையில் கல்யாணம் நடக்கிறது. பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து, உள்ளே குடைந்து, மசாலா சேர்த்த பன்றிக் கொத்துக்கறியை அடைத்து, அடுப்பில் வாட்டி எடுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பாக ஒரு துண்டு புகைபோட்ட பன்றி இறைச்சி. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. இதையெல்லாம் சேர்ப்பது எது? குழம்பு. அந்த வீட்டுப் புகைப் பீரிலேயே செய்த குழம்பு. வெந்து கரைந்த வெங்காயத்தின் இனிப்பு, கறியின் கொழுப்பு, குழம்பின் புகை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குவளையை எடுத்தால், பீரில் இருக்கும் புகை இப்போது அந்நியமாகத் தெரியவில்லை. தட்டிலும் அதே நெருப்பு, குவளையிலும் அதே நெருப்பு! திகைத்த நாக்கை அந்தச் சமையல் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது.

வேறு பண்டங்களும் உண்டு. மாட்டிறைச்சியைப் புகைபோட்டுக் காயவைத்து, காகிதம் போல மெல்லியதாகச் சீவி ரொட்டியோடு தருவார்கள். காடித் தண்ணீரில் வெங்காயத்தோடு வேகவைத்த தொத்திறைச்சி ஒன்று. அந்தப் புளிப்பு, பீரின் இனிப்புக்கு எதிராக நன்றாக நிற்கும். ஃபிராங்கோனியாவின் ஞாயிற்றுக்கிழமை விருந்து பன்றித் தோள்கறி. அதற்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை துணை.

இப்போது ஆற்றைத் தாண்டி வாருங்கள். மேல் கோனிக் தெருவில் ஸ்பெட்சியால். 1536 முதல் காய்ச்சுகிறார்கள். ஷ்லெங்கர்லாவின் பீர் ஸ்டெஃபான்ஸ்பெர்க் என்ற குன்றின் மேல் காய்ச்சப்பட்டு விடுதிக்கு இறங்கி வருகிறது. ஸ்பெட்சியாலிலோ எல்லாம் ஒரே வளாகம். முன்னால் சாப்பாட்டு அறை, பின்னால் முற்றம், முற்றத்தை ஒட்டிக் கொப்பரை, மேலே தங்கும் அறைகள். சுற்றுலாக் கூட்டம் இங்கே குறைவு. பீர் செம்பழுப்பு நிறம், புகை மிதமாகத்தான் இருக்கும். ஷ்லெங்கர்லா ஓங்கிச் சொல்வதை ஸ்பெட்சியால் தணிந்த குரலில் சொல்கிறது. எனக்கு எது பிடித்தது என்று கேட்பீர்கள். சாப்பாட்டோடு என்றால் ஷ்லெங்கர்லா. நெடுநேரம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஸ்பெட்சியால்.

ஒரே பொருள், ஒரே ஊர், ஒரே முறை. ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் இரண்டு கை. சுவை வீட்டோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். ஷ்லெங்கர்லா, புகைபோடாத மால்ட்டில் ஒரு வெளிர் பீரும் காய்ச்சுகிறது. மால்ட்டில் புகை கிடையாது. ஆனால் குடித்துப் பாருங்கள், மெல்லிய புகை இருக்கும்! எப்படி? அதே செம்புக் கொப்பரைகள், புகைப் பீரை நொதிக்க வைத்த அதே ஈஸ்ட். ஈஸ்ட் தன்னோடு புகையைச் சுமந்து வந்துவிடுகிறது. இதை வேறிடத்தில் செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா?

பருவத்துக்குப் பருவம் பீரும் மாறுகிறது. வழக்கமான புகைப் பீரில் மதுச்சத்து 5.1 சதவீதம். அக்டோபரில் 'உர்பொக்' என்ற கெட்டியான பீர் வருகிறது, 6.5 சதவீதம். கிறிஸ்துமஸுக்குப் பீச் மரத்துக்குப் பதிலாக ஓக் மரப் புகையில் போட்ட மால்ட், 8 சதவீதம். அதன் புகை வழவழப்பானது. மரம் மாறினால் மணம் மாறும். சிறிய குவளையாக வாங்கி, நிதானமாகக் குடிக்க வேண்டிய பீர் அது.

நிதானம் என்றதும் குன்றுகள் ஞாபகம் வருகின்றன. குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன், பீரைக் கோடையில் கெடாமல் வைக்க, பாம்பெர்க் குன்றுகளின் மணற்பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்தார்கள். அவற்றின் மேல் நிழலுக்காக மரங்களை நட்டார்கள். கோடையில் ஊரே அந்த மரநிழலுக்குப் போய்விடும். 1812-இல் பவேரிய மன்னர் மாக்சிமிலியன் யோசெஃப் ஓர் ஆணை போட்டார்: நிலவறைக்காரர்கள் அங்கேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிரச் சாப்பாடு விற்கக் கூடாது. விடுதிக்காரர்களின் பிழைப்பைக் காக்க வந்த ஆணை அது. மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அங்கே பல நிலவறைத் தோட்டங்களில் நீங்கள் கொண்டுபோன கூடையைப் பிரித்துச் சாப்பிடலாம். பீரை மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும். ஸ்பெட்சியாலுக்கும் அப்படியொரு குன்றுத் தோட்டம் உண்டு. அங்கிருந்து பேராலயக் கோபுரங்கள் தெரியும். குழந்தைகள் மரங்களுக்கிடையே ஓடுகிறார்கள், தாத்தாக்கள் சீட்டாடுகிறார்கள். ஒருவர் தள்ளாடிப் போனதை நான் அங்கே பார்க்கவில்லை. மனைவி, மகள், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு குடிப்பது என்பதை அந்தச் சுற்றமே தீர்மானித்துவிடுகிறது. மறைவில் குடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நண்பர்களே, இந்தப் புகை பாம்பெர்க்கோடு நின்றதா? நிற்கவில்லை. அதே ஊரில் 1879-இல் தொடங்கிய வேயர்மான் மால்ட் ஆலை, பீச் மரப் புகைபோட்ட மால்ட்டை உலகெங்கும் அனுப்புகிறது. மைக்கேல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் — பாடகர் அல்லர், பீரைப் பற்றி எழுதி வாழ்ந்தவர் — 1977-இல் உலகப் பீர்களைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, பாம்பெர்க்கின் பெயர் கடல் கடந்தது. 1988-இல் அலாஸ்காவின் ஜூனோ நகரில் ஆல்டர் மரப் புகையில் மால்ட் போட்டு ஒரு கரும்பீர் வந்தது. அந்த ஊரில் மீனுக்குப் புகைபோடுவது ஆல்டர் மரத்தில்தான். பாம்பெர்க்கைப் பார்த்து அப்படியே நகலெடுக்காமல், தம் ஊர் மரத்தை, தம் ஊர்ப் புகையை எடுத்துக்கொண்டார்கள். அப்படியல்லவா கற்றுக்கொள்ள வேண்டும்!

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே குறுக்கே நின்றது. மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பிறகு, காய்ச்சுகிறவர் வேறு, மொத்த வியாபாரி வேறு, பரிமாறுகிறவர் வேறு என்று பிரித்து வைத்தார்கள். 1982-இல்தான் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஊரில் பெர்ட் கிராண்ட் என்பவர், மதுவிலக்குக்குப் பிந்தைய முதல் காய்ச்சும் விடுதியைத் திறந்தார். கொப்பரையும் மேசையும் மறுபடி ஒரு கூரையின் கீழ் வந்தன. அதன் பிறகு அந்த நாட்டில் பெருகிய கைவினைப் பீர்களின் கணக்கை யாரும் விரல்விட்டு எண்ண முடியாது.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. நீலகிரியில் 1857-இல் கேசில் என்ற பீர் ஆலை இருந்தது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் சேர்த்துத் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். ஐந்து கைகள் ஒரு கையாயின. பெங்களூரில், இந்திரா நகரில், 2010-இல் டாயிட் என்ற காய்ச்சும் உணவகம் திறந்தது. பாஸ்மதி அரிசி சேர்த்து ஒரு பீர் காய்ச்சினார்கள். இப்போது அந்த நகரத்தின் காய்ச்சும் உணவகங்களில் மாம்பழக் காலத்தில் மாம்பழப் பீர்கூட வருகிறது. எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கொப்பரை கண்ணாடிக்குப் பின்னால் அலங்காரப் பொருளாக நிற்கிறது, சாப்பாட்டுக்கும் பீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் காய்ச்சுகிறவர் மேசைக்கு வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிற இடங்களும் இருக்கின்றன. அந்த இடங்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வார இறுதியைத் தவிர்த்து, வேலை நாளின் பிற்பகலில் போங்கள். ஷ்லெங்கர்லாவின் பழைய அறையில், யார் பக்கத்திலாவது, "இடம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். வழக்கமாக வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய மேசையில் மட்டும் உட்கார வேண்டாம். அட்டைத் தட்டின் மேல் குவளையை வைத்துவிட்டு அதன் ஓரத்தில் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் கணக்குப் புத்தகம், தொலைத்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். முதலில் வெங்காயத்தைச் சொல்லுங்கள். குடிக்காதவர்களும் தயங்காமல் போகலாம். பாட்டியின் பேரன் குடித்த ஆப்பிள் சாறும் அந்த வெங்காயத்துக்கு நன்றாகவே சேரும். அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, ஆற்றைக் கடந்து மெல்ல நடந்து ஸ்பெட்சியாலுக்குப் போய் மற்றொன்றைப் பாருங்கள். நடந்து போகும் அந்தச் சிறிது நேரத்தில் நாக்கு தெளிந்துவிடும், இரண்டு வீட்டுப் புகைக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

 கேள்வி இருப்பவர்கள் எழுந்து கேட்கலாம். மால்ட் போடுவதைப் பற்றி விரிவாக அறிய விரும்புகிறவர்களுக்காகக் கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன்.